ஒரு சதுர மீட்டரில் 5,17,000: நகரத்து ஆறும் நுண்பிளாஸ்டிக்கும்



இந்த வார எபிசோடில் சென்சார்களைப் பற்றிப் பேசும்போது போகிற போக்கில் ஒரு எண்ணைச் சொன்னேன். மான்செஸ்டர் பக்கத்தில் ஓடும் டேம் என்ற சின்ன ஆற்றின் அடிமண்ணில், ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 5,17,000 பிளாஸ்டிக் துகள்கள். அந்தச் சமயத்தில் உலகில் எந்த ஆற்றுப்படுகையிலும் பதிவானதில் அதுதான் அதிகம். நேரம் போதாததால் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். அந்த எண் எப்படி வந்தது, அதை எவ்வளவு நம்பலாம், அதை வைத்து யாரிடம் என்ன கேள்வி கேட்கலாம் என்பதை இங்கே நிதானமா பார்க்கலாம். வேதியியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் பெயர்

பிளாஸ்டிக் மக்கிப் போவதில்லை, உடைந்து உடைந்து சின்னதாகிறது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சன் தன் குழுவோடு 2004-ல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் நுண்பிளாஸ்டிக் என்ற சொல் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. 5 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கும் துண்டு எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். 5 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு பச்சைப்பயறு அளவு. அதிலிருந்து கண்ணுக்கே தெரியாத தூசி வரைக்கும் ஒரே பெயர்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னாடி அளவீட்டில் வரும் பாதி குழப்பத்துக்கு இதுதான் காரணம்.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, தயாரிக்கும்போதே சின்னதாக இருப்பது. தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருளாகப் போகும் அரிசி மாதிரியான பிளாஸ்டிக் மணிகள் இதற்கு உதாரணம். 2021-ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது இலங்கையின் கரையில் வெள்ளையாகக் குவிந்து கிடந்தது இதுதான். முகம் கழுவும் கிரீம்களில் இருந்த நுண்மணிகளும் இந்த வகை. அமெரிக்கா 2015-ல் அதைத் தடுக்கச் சட்டம் போட்டது, பிரிட்டன் 2018-ல் தடை செய்தது.

இரண்டாவது வகை, பெரிய பொருள் தேய்ந்து உதிர்வது. நகரத்து ஆறுகளில் இந்த வகைக்குத்தான் நிறைய வழிகள் இருக்கு. பாலியஸ்டர், அக்ரிலிக் துணிகளைத் துவைக்கும்போது உதிரும் இழைகள், கார் டயர் சாலையில் தேய்ந்து பறக்கும் கறுப்புத் தூள், தெருவில் கிடக்கும் கவர்கள் வெயிலில் நொறுங்குவது, கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடும் ஈரத் துடைப்பான்கள். இதே பிளிமத் பல்கலைக்கழகத்தில் 2016-ல் செய்த ஒரு சோதனையில், 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒரு தடவை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உதிரக்கூடும் என்று கணக்கு வந்தது. குளிர் நாட்டில் இருக்கும் நம்ம வீட்டு ஸ்வெட்டர், ஃப்ளீஸ், போர்வை எல்லாம் எதில் செய்தது என்று லேபிளைத் திருப்பிப் பாருங்க, புரியும்.

98.4 சதவீதம் நல்ல மதிப்பெண்தானா?

வீட்டில் இருந்து போகும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே பிளாஸ்டிக் நிற்காதா? நிற்கும், பெரும்பகுதி நிற்கும். இதற்கு நல்ல உதாரணம், கிளாஸ்கோவில் கிளைட் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு நிலையத்தில் செய்து 2016-ல் வெளியான ஆய்வு. உள்ளே வரும் தண்ணீரில் லிட்டருக்கு 15.7 துகள்கள், வெளியே போகும் தண்ணீரில் லிட்டருக்கு 0.25 துகள். கழித்துப் பார்த்தால் 98.4 சதவீதம் நின்றுவிடுகிறது.

இந்த இடத்தில் நம்ம துறை ஆட்கள் சிரிப்பாங்க. ஒரு சர்வர் 98.4 சதவீத நேரம் ஓடுகிறது என்று யாராவது பெருமையா சொன்னால், வருஷத்துக்கு கிட்டத்தட்ட 6 நாள் படுத்துக்கிடக்கிறது என்று நமக்கு உடனே மனக்கணக்கு ஓடும். சதவீதத்தைப் பார்க்காதே, மொத்த எண்ணிக்கையால் பெருக்கிப் பார் என்பதுதான் பாடம். அந்த நிலையத்திலிருந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 26 கோடி லிட்டர் தண்ணீர் வெளியே போகிறது. 26 கோடியை 0.25-ஆல் பெருக்கினால் 6.5 கோடி. அதாவது எல்லாம் ஒழுங்கா வேலை செய்யும் ஒரு நல்ல நாளில், ஒரே ஒரு நிலையத்திலிருந்து 6.5 கோடி துகள்கள் ஆற்றுக்குப் போகுது.

பிடிபட்ட 98.4 சதவீதம் எங்கே போகிறது? அதில் பெரும்பகுதி கசடாக அடியில் தங்குகிறது. பிரிட்டனில் அந்தக் கசடில் பெரும்பங்கு உரமாக வயலுக்குப் போகிறது. மழை பெய்தால் வயலிலிருந்து கொஞ்சம் மறுபடியும் ஓடைக்கு வரும். துகள் காணாமல் போகவில்லை, வேறு டைரக்டரிக்கு நகர்த்தப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். அதே தண்ணீர் சுத்திகரிக்காமல் நேராகப் போயிருந்தால்? லிட்டருக்கு 0.25-க்குப் பதில் 15.7. சுமார் 63 மடங்கு. அதாவது நிலையத்தைத் தாண்டிப் போகும் ஒரு லிட்டர் பச்சைக் கழிவுநீர், சுத்திகரித்த 63 லிட்டருக்குச் சமம். இந்த 63-ஐயும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

குழாய் நிரம்பினால்

ஐரோப்பாவின் பழைய நகரங்களில் வீட்டுக் கழிவுநீரும் மழைநீரும் பெரும்பாலும் ஒரே குழாயில்தான் ஓடுகின்றன. விக்டோரியா காலத்து வடிவமைப்பு. மழை இல்லாத நாளில் குழாயில் இடம் தாராளமாக இருக்கும். பெருமழை கொட்டினால் குழாய் நிரம்பும். நிரம்பினால் தண்ணீர் எதிர்த்து வந்து வீட்டுக் கழிப்பறையில் பொங்கும். அதைத் தவிர்க்க, குறிப்பிட்ட மட்டத்துக்கு மேலே போனால் நேராக ஆற்றில் விழுகிற மாதிரி ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மழைக்கால உபரிவழி என்று சொல்லலாம். பஃபர் நிரம்பினால் மிச்சத்தை வெளியே தள்ளு என்று நாம் எழுதும் லாஜிக்தான், இங்கே வெளியே இருப்பது ஆறு.

இங்கிலாந்தில் மட்டும் இப்படி 14,000-க்கும் மேற்பட்ட உபரிவழிகள் இருக்கின்றன. விதிப்படி, விதிவிலக்கான சூழ்நிலை தவிர, மழையோ பனி உருகலோ குழாயை நிரப்பும்போதுதான் இவை திறக்கணும். வறண்ட நாளில் திறந்தால் அது விதிமீறல். இந்த விதிதான் மான்செஸ்டர் கதையில் முக்கியமான துப்பு.

எப்படி எண்ணுகிறார்கள்?

அதற்கு முன்னால் அளவீடு. ஆற்றில் பிளாஸ்டிக்கை அளக்கப் பொதுவாக இரண்டு வழி. ஒன்று, மேல்நீரில் வலையை இழுத்து மாட்டுவதை எண்ணுவது. வழக்கமான வலையின் கண் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். மெல்லிய இழைகளில் நிறைய அதில் நழுவிப் போயிடும். இன்னொன்று, அடிமண்ணை எடுத்து அதற்குள் இருப்பதை எண்ணுவது.

மண்ணை எடுத்த பிறகு ஆய்வகத்தில் நடப்பது கிட்டத்தட்ட ஒரு பைப்லைன். முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரியான ஒன்றை ஊற்றி இலை தழை, பாசியை எரித்துவிடுவார்கள். அடுத்து அடர்த்தியான உப்புக்கரைசலில் போடுவார்கள். மணல் அடியில் தங்கும், பிளாஸ்டிக் மிதக்கும். இங்கே ஒரு சிக்கல். சமையல் உப்பைக் கரைத்தால் கரைசலின் அடர்த்தி 1.2 வரைதான் போகும். பாலிஎத்திலின், பாலிப்ரொப்பிலின் மிதந்துவிடும். ஆனால் பாட்டிலிலும் பாலியஸ்டர் துணியிலும் இருக்கும் பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.38. அது மணலோடு சேர்ந்து மூழ்கிவிடும், எண்ணிக்கையில் வராது. சோடியம் அயோடைடு, ஜிங்க் குளோரைடு போன்ற விலை கூடிய உப்பு போட்டால்தான் அது மேலே வரும். ஆகவே எந்த உப்பு போட்டார்கள் என்பதைப் பொறுத்தே ஓர் ஆற்றின் எண்ணிக்கை மாறும்.

மிதந்ததை வடிகட்டி, அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, எந்தப் பிளாஸ்டிக் என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் தன் கைரேகை மாதிரி ஒரு நிறமாலை தரும். அதை டேட்டாபேஸோடு ஒப்பிட வேண்டியதுதான். இதிலும் ஓர் ஓட்டை இருக்கு. டயரில் கரி கலந்திருப்பதால் அது ஒளியை விழுங்கிவிடும், கைரேகை சரியாகக் கிடைக்காது. அதனால் பல ஆய்வுகளில் டயர் தூள் கணக்கிலேயே வருவதில்லை. அதற்குத் துகளைச் சூடாக்கிச் சிதைத்து, வரும் வாயுவை அலசும் வேறு முறை தேவை. அந்த முறை எடையைச் சொல்லும், எண்ணிக்கையைச் சொல்லாது.

இன்னும் ஒன்று. ஆய்வகத்தில் இருப்பவர் பாலியஸ்டர் சட்டை போட்டிருந்தால் அவர் சட்டையின் இழையே சாம்பிளில் விழும். அதனால் பருத்திக் கோட்டு போடுகிறார்கள், வெறும் தண்ணீரையும் அதே பைப்லைனில் விட்டு எத்தனை வருகிறது என்று பார்த்து அதைக் கழிக்கிறார்கள். இந்த வெற்றுச் சோதனை இல்லாத ஆய்வை நம்பாதீர்கள். நாம் பேஸ்லைன் இல்லாத பெர்ஃபாமன்ஸ் ரிப்போர்ட்டை நம்புவதில்லை, அதே மாதிரிதான்.

ஆக, ஓர் ஆய்வு கன மீட்டர் தண்ணீருக்கு எத்தனை என்று சொல்லும், இன்னொன்று கிலோ மண்ணுக்கு எத்தனை என்று சொல்லும், வேறொன்று சதுர மீட்டருக்கு எத்தனை என்று சொல்லும். வலைக்கண் வேறு, உப்பு வேறு. அதனால் ‘உலகின் மிக மோசமான 10 ஆறுகள்’ என்று வரும் பட்டியல்களைக் கொஞ்சம் ஜாக்கிரதையா படிக்கணும். ஒரே குழு, ஒரே முறையில், பல இடங்களில், வேறு வேறு நேரங்களில் அளந்த ஆய்வுதான் உண்மையில் ஏதாவது சொல்லும்.

மான்செஸ்டர்: வெள்ளத்துக்கு முன்னும் பின்னும்

அப்படி ஓர் ஆய்வுதான் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் ஹர்லி, ஜேமி வுட்வர்ட், ஜேம்ஸ் ராத்வெல் மூவரும் 2018-ல் ‘நேச்சர் ஜியோசயன்ஸ்’ இதழில் வெளியிட்டது. மான்செஸ்டரைச் சுற்றி 10 ஆறுகளில் 40 இடங்களில் அடிமண் எடுத்தார்கள். டேம் ஆறு மலைப்பக்கம் பிறந்து, பழைய பஞ்சாலை ஊர்களான ஸ்டேலிபிரிட்ஜ், ஆஷ்டன் வழியாக வந்து, ஸ்டாக்போர்ட்டில் காய்ட் ஆற்றோடு சேர்ந்து மெர்சி நதியாகிறது. அதில் டென்டன் என்ற இடத்தில் கிடைத்ததுதான் அந்த 5,17,000. ஒரு சதுர மீட்டர் என்பது 10,000 சதுர சென்டிமீட்டர். வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 52 துகள்கள். உங்கள் கட்டைவிரல் நகம் மறைக்கும் இடத்தில் ஐம்பதுக்கு மேல்.

அதன் பிறகு 2015 டிசம்பர் 26 அன்று வடக்கு இங்கிலாந்தில் பெருவெள்ளம் வந்தது. அதே டிசம்பரின் தொடக்கத்தில்தான் சென்னையில் அடையாறு கரை புரண்டது, நம்மில் பலருக்கு அந்த மாதம் மறக்காது. மான்செஸ்டர் குழுவிடம் வெள்ளத்துக்கு முந்தைய கணக்கு கையில் இருந்தது. வெள்ளம் வடிந்த பிறகு அதே இடங்களுக்குப் போய் மறுபடி மண் எடுத்தார்கள். அடியில் சேமிப்பாகக் கிடந்த நுண்பிளாஸ்டிக்கில் சுமார் 70 சதவீதம் அடித்துப் போயிருந்தது. எண்ணிக்கையில் சுமார் 4,300 கோடி துகள்கள், எடையில் சுமார் 0.85 டன். ஏழு இடங்களில் நுண்மணிகள் சுத்தமாகவே காணோம்.

இதிலிருந்து இரண்டு விஷயம் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, ஆறு என்பது பிளாஸ்டிக்கைக் கடலுக்குக் கொண்டுபோகும் வெறும் குழாய் அல்ல. அது தேக்கி வைக்கிறது. தண்ணீர் மெதுவா ஓடும்போது துகள் அடியில் தங்குகிறது. மிதக்கவேண்டிய பாலிஎத்திலின்கூட, மேலே பாசிப்படலம் படர்ந்து களிமண் ஒட்டிக்கொண்டால் கனமாகி மூழ்கும். 2022-ல் ‘சயன்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வந்த ஒரு மாதிரிக் கணக்கின்படி, ஆற்றின் தலைப்பகுதி ஓடைகளில் நீரோட்டம் குறைவாக இருக்கும் காலத்தில் ஒரு துகள் ஒரு கிலோமீட்டர் நகர 7 வருஷம் வரை ஆகலாம். கேஷ் மாதிரி நிறைந்துகொண்டே வரும், வெள்ளம் வந்தால் ஒரேயடியாகக் காலியாகும். ஆற்றுக்கு நல்லதுதான், ஆனால் அத்தனையும் போய்ச் சேரும் இடம் கடல்.

இரண்டாவது, எண்ணிக்கையும் எடையும் தனித்தனிக் கதை சொல்லும். 0.85 டன் என்றால் 850 கிலோ. அதை 4,300 கோடியால் வகுத்தால் ஒரு துகளுக்கு சுமார் 20 மைக்ரோகிராம். 50 துகள் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். செய்தித்தாள்காரர் பயமுறுத்தணும் என்றால் 4,300 கோடி என்பார். நிறுவனத்தின் செய்தித் தொடர்பாளர் சமாதானப்படுத்தணும் என்றால் ‘ஒரு சின்ன கார் எடைகூட இல்லையே’ என்பார். இரண்டும் ஒரே டேட்டா. யார் எந்த அலகைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பாருங்க.

வறண்ட நாளின் துப்பு

இதே குழு 2021-ல் ‘நேச்சர் சஸ்டைனபிலிட்டி’ இதழில் அடுத்த கட்டுரையை வெளியிட்டது. கேள்வி எளிது. இவ்வளவு துகள் டேம் ஆற்றின் அடியில் எப்படிச் சேர்ந்தது? இதில் அவர்கள் வாதம் அழகானது, ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

ஒன்று: நன்றாகச் சுத்திகரித்த தண்ணீரில் துகள் கம்மி. அது மட்டும் வந்து கொண்டிருந்தால் அடிமண்ணில் அவ்வளவு அடர்த்தி சேராது.

இரண்டு: பெருமழையில் உபரிவழி திறந்து பச்சைக் கழிவுநீர் விழுந்தால் துகள் நிறைய வரும். ஆனால் அந்த நேரத்தில் ஆறும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். வந்ததை அடித்துக்கொண்டு கீழே போய்விடும், அங்கேயே தங்க விடாது.

மூன்று: அப்படியானால், குழாய் வாயை ஒட்டியே அடிமண்ணில் துகள் குவிந்து கிடக்க ஒரே வழிதான். ஆறு மெதுவாக ஓடும்போது, அதாவது மழை இல்லாத நாட்களில், சுத்திகரிக்காத கழிவுநீர் விழுந்திருக்கணும்.

அவர்கள் கட்டுரைத் தலைப்பிலேயே ‘தவிர்க்கக்கூடிய’ என்ற சொல்லைப் போட்டது இதனால்தான். பிளாஸ்டிக் எல்லா இடத்திலும் இருக்கு, என்ன செய்ய முடியும் என்று கையை விரிக்கும் பேச்சுக்கு இது நேரடிப் பதில். நகரத்து ஆற்றுப்படுகையின் மிக மோசமான இடங்களுக்கு ஒரு முகவரி இருக்கு. அங்கே ஒரு குழாய் இருக்கு. அந்தக் குழாய்க்கு ஓர் உரிமையாளர், அதை அனுமதித்த ஓர் அலுவலகம், அதற்கென ஒரு விதி எல்லாம் இருக்கு. மேலே பார்த்த 63 மடங்கு கணக்கு எவ்வளவு முக்கியம் என்பது இப்போ புரியும்.

இதில் வரலாற்றின் ஒரு கிண்டலும் உண்டு. இன்று உலகம் முழுக்கக் கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பயன்படும் ‘செயலூட்டிய கசடு’ முறையை 1914-ல் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் அறிவித்தது இதே மான்செஸ்டரில்தான், டேவிஹியூம் நிலைய வேலையின் அடிப்படையில். நூறு வருஷத்துக்கு மேல் வழி தெரிந்த ஊர் அது.

லாக் இருக்கு, ஆனால் எதை எழுதுகிறது?

இங்கிலாந்தில் 2023 முடிவுக்குள் எல்லா உபரிவழிகளிலும் கண்காணிப்புக் கருவி பொருத்தி முடித்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் பதிவானது 4,64,056 வெளியேற்றங்கள், மொத்தம் சுமார் 36 லட்சம் மணி நேரம். 2025 ஜனவரி முதல், ஓர் உபரிவழி திறந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அதைப் பொதுவெளியில் காட்டணும் என்பது சட்டம். வரைபடத்தில் உங்கள் தெருவுக்குப் பக்கத்துக் குழாயை இன்றே தேடிப் பார்க்கலாம்.

ஆனால் நாம் லாக் படிக்கிற ஆட்கள், ஃபீல்டுகளைக் கவனிக்கணும். அந்தக் கருவி பதிவு செய்வது திறந்த நேரம், மூடிய நேரம். எத்தனை லிட்டர் போனது என்பது அதில் இல்லை. தண்ணீரில் என்ன இருந்தது என்பதும் இல்லை. டைம்ஸ்டாம்ப் இருக்கு, பேலோடு அளவு இல்லாத லாக் என்று வைத்துக்கொள்ளுங்க. ஒரு மணி நேரம் சொட்டியதும், ஒரு மணி நேரம் கொட்டியதும் அதில் ஒன்றுபோலவே தெரியும்.

‘முறை’ என்பதற்கும் ஒரு வினோத இலக்கணம் உண்டு. முதல் 12 மணி நேரத்துக்குள் எத்தனை தடவை திறந்து மூடினாலும் ஒரு முறை. அதற்குப் பிறகு ஒவ்வொரு 24 மணி நேரத் துண்டும் இன்னொரு முறை. ஆக, நாலு நாள் விடாமல் ஓடிய குழாயின் எண்ணிக்கை ஐந்தைக்கூடத் தாண்டாது. எண்ணிக்கையைவிட மணிக்கணக்கைப் பார்ப்பது நல்லது.

இவ்வளவு குறை இருந்தும் இந்த டேட்டா மதிப்புள்ளது. காரணம், மழை டேட்டாவும் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டையும் தேதி, நேரம் வைத்து ஒரு ஜாயின் போட்டால், மழையே இல்லாத நாளில் எந்தக் குழாய் திறந்தது என்று தெரிந்துவிடும். வார இறுதியில் ஒரு பைதான் ஸ்கிரிப்ட், அவ்வளவுதான். மேல்நிலத்தில் முந்தின நாள் பெய்த மழை கீழே வந்துசேர நேரம் எடுக்கும் என்பதால், முந்தைய 24 மணி நேர மழையையும் சேர்த்துப் பாருங்க. இல்லையென்றால் தவறான குற்றச்சாட்டு வைத்ததாகிவிடும்.

உடம்புக்கு என்ன?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. ‘வாரத்துக்கு ஒரு கிரெடிட் கார்டு அளவு பிளாஸ்டிக்கைச் சாப்பிடுகிறோம்’ என்று 2019-ல் ஒரு செய்தி உலகம் சுற்றியது. வாட்ஸ்அப்பில் உங்கள் சித்தியோ மாமாவோ கண்டிப்பா அனுப்பியிருப்பாங்க. அந்தக் கணக்கில் வந்த வரம்பு வாரத்துக்கு 0.1 முதல் 5 கிராம் வரை. தலைப்புச் செய்தியானது மேல் எல்லை மட்டும். நம்ம 20 மைக்ரோகிராம் கணக்கில் போட்டுப் பாருங்க. 5 கிராமுக்கு வாரம் 2.5 லட்சம் துகள், ஒரு நாளைக்கு சுமார் 36,000. அவ்வளவு பெரிய துகள்களை அத்தனை விழுங்கியிருந்தால் தட்டிலேயே கண்ணுக்குத் தெரிந்திருக்கும். பிறகு வந்த கணக்குகள் இதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவாகத்தான் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் குடிநீரைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், இப்போதுள்ள அளவில் உடல்நலத்துக்கு ஆபத்து என்று காட்டும் ஆதாரம் இல்லை, ஆனால் ஆய்வுகள் போதாது, இன்னும் தேவை என்றது. குழாய்த் தண்ணீரைக் கண்டு பதற வேண்டாம்.

மீனுக்கு நிலைமை வேறு. அமெரிக்காவில் சியாட்டில் வட்டாரத்து நகர ஓடைகளில், மழை பெய்ததும் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்கு முன்பே செத்து மிதப்பது பல வருஷப் புதிர். 2020-ல் விடை கிடைத்தது. டயரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு ரசாயனம், காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்து வேறொன்றாக மாறுகிறது. மழை அதை ஓடைக்குக் கொண்டுபோகிறது. மிகக் குறைந்த அளவிலேயே அது அந்த மீனைக் கொல்கிறது. எண்ணிக்கையில் விட்டுப்போகும் டயர் தூள்தான் அதன் மூலம் என்பதைக் கவனிங்க. எது எண்ண எளிதோ அதைத்தான் எண்ணுகிறோம். எது கொல்லுமோ அது அந்தப் பட்டியலில் இல்லாமலும் போகலாம்.

எங்கே கை வைத்தால் பலன்?

பலன் பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாகச் சொல்கிறேன்.

1. வறண்ட நாள் வெளியேற்றத்தை நிறுத்துவது. புதுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. இருக்கும் நிலையத்தை அதன் அனுமதிப்படி ஓட்டினால் போதும்.

2. மழைநீருக்கு இடம் தருவது. லண்டன் இதற்காக தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் கட்டி, 2025-ல் எல்லா இணைப்புகளையும் முடித்தது. எல்லா ஊருக்கும் சுரங்கம் கட்டுப்படியாகாது. வீட்டு முற்றத்தை சிமென்ட் போடாமல் மண்ணாக விடுவது, சாலையோரம் நீர் இறங்கும் செடிப்படுகை அமைப்பது ஆகியவையும் குழாயின் சுமையைக் குறைக்கும். சாலையோரப் படுகை டயர் தூளையும் பிடிக்கும்.

3. கழிப்பறையில் துடைப்பான் போடாமல் இருப்பது. குழாயை அடைத்து, வறண்ட நாளில்கூட உபரிவழியைத் திறக்க வைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் குப்பைத்தொட்டிதான் அதன் இடம்.

4. துவைப்பதில் சிக்கனம். மெஷினை முழுசா நிரப்பி, குளிர்ந்த நீரில், குறைந்த நேரச் சுற்றில் துவைத்தால் இழை கம்மியாக உதிரும். வடிகட்டி மாட்டினால் இன்னும் நல்லது. அதில் சேரும் பஞ்சைக் குழாயடியில் அலசாதீங்க, குப்பையில் போடுங்க. அலசினால் அதே சாக்கடைக்குத்தான் மறுபடி போகும்.

நாலாவதை மட்டும் செய்துவிட்டு முதலாவதைக் கேட்காமல் இருந்தால், வீட்டுக்காரர் மேல் பாரம் ஏற்றிவிட்டுக் குழாய்க்காரர் தப்பித்துப்போவார். டேம் ஆற்று ஆய்வு சொல்லும் நல்ல செய்தி என்னவென்றால், ஆற்றுப்படுகை தன்னைத்தானே கழுவிக்கொள்கிறது. புதிதாக விழுவதை நிறுத்தினால் சில மழைக்காலங்களிலேயே மாற்றம் தெரியும். கடலில் கலந்ததைத் திரும்ப எடுக்க அப்படி ஒரு வழி கிடையாது.

வீட்டுப்பாடம்

எந்த நாட்டில் இருந்தாலும் உங்கள் ஊர் ஆற்றுக்கு இந்த நாலு கேள்வியைக் கேட்டுப் பாருங்க. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயா, தனித்தனியா? உபரிவழிகள் எங்கே இருக்கின்றன, அவற்றின் பதிவு பொதுவில் கிடைக்கிறதா? அந்தப் பதிவில் நேரம் மட்டுமா, அளவும் இருக்கா? வறண்ட நாளில் ஏதாவது திறந்திருக்கா?

இங்கிலாந்தில் இருப்பவர்கள் யாராவது அந்த மழை ஜாயினைப் போட்டுப் பார்த்தால் முடிவை எங்களுக்கு அனுப்புங்க. குழாயின் இடம், தேதி, மழை அளவு மூன்றும் இருக்கட்டும். உள்ளூர் கவுன்சிலருக்கோ எம்.பி.க்கோ கடிதம் எழுத அந்த மூன்று வரி போதும். அடுத்த எபிசோடில் வந்ததைச் சேர்த்து வைத்துப் பேசலாம்.